கணித மேதை ஆரியபட்டர்

பண்டைய பாரதம் உலகிற்கு அளித்த கணித மேதைகளுள் தலைசிறந்தவர் ஆரியபட்டர். இவர் கி.பி. 476-ஆம் ஆண்டில் பிறந்தார். இன்றைய பாட்னா எனக் கருதப்படும் குசுமபுரத்தில் கணிதமும் வானவியலும் ஆராய்ந்தார். தாம் இயற்றிய 'ஆரியபட்டீயம்' என்னும் நூலில், 499-ஆம் ஆண்டில் தமக்கு வயது 23 எனக் குறித்துள்ளார்.

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று அவர் துணிந்து கூறினார். பிற்காலத்தில் பிரம்மகுப்தர் இதை மறுத்தார். ஆயினும் உண்மை ஆரியபட்டர் பக்கமே நின்றது.

அவர் தந்த மற்றொரு செல்வம் 'குட்டகம்' என்னும் கணக்கு முறை. குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குதல். உரலிலிட்ட அரிசி இடிக்க இடிக்க மாவாவது போல, பெரிய எண்களை மீண்டும் மீண்டும் வகுத்து மீதியைச் சிறிதாக்குவதே இம்முறை. சுருங்கச் சொன்ன இதனை 629-இல் முதலாம் பாஸ்கரர் விரித்துரைத்தார்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 17-ஐ எந்த எண்ணால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 1, 2, 3 என வரிசையாகப் பெருக்கிப் பார்த்தால் 53-ஆவது முறைதான் விடை கிடைக்கும். குட்டக வழியில், 60-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 9. 17-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 8. 9-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றே வகுத்தல்கள்! அவற்றின் ஈவுகளைக் கொண்டு பின்னோக்கி வந்தால் 53 கிடைத்துவிடும். 17-ஐ 53-ஆல் பெருக்கினால் 901. அதில் பதினைந்து அறுபதுகள் போக மீதி 1.

இக்கணக்கால் இன்று என்ன பயன்? 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்னும் மூன்று அறிஞர்கள், கணினிச் செய்திகளைப் பிறர் அறியாதபடி பூட்டி அனுப்பும் முறையொன்றைக் கண்டனர். அப்பூட்டின் இரகசியச் சாவியைச் செய்ய இதே வகைக் கணக்குத்தான் வேண்டும். ஆனால் அங்கு வரும் எண்களோ இன்று 600 இலக்கங்களுக்கும் மேற்பட்டவை! ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்தால் எவ்வளவு வேகமான கணினிக்கும் யுகங்கள் போதா. மீதியைச் சுருக்கும் வழியில் சென்றால் கண்ணிமைக்கும் நேரமே போதும். வேகம் இயந்திரத்தில் மட்டும் இல்லை. நல்ல வழியிலும் இருக்கிறது.

1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று நம் ஊத்துக்கோட்டைக்கு வடகிழக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் விண்ணேறுகின்றன.

அன்புத் தோழியரே! பெரிய கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். அதைச் சிறிது சிறிதாகப் பொடியாக்கக் கற்றுக்கொள்வோம். அந்த மேதைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.