ஆகாயத்துக்கு ஆசைப்பட்ட வால்சந்த்



படிப்பு முடிந்ததும் பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கம்பெனிக்கு விதை போட்டவர் யாருன்னு கேட்டால் முழிப்போம். நானும் முழிச்சவன்தான். தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

அவர் பெயர் வால்சந்த் ஹிராசந்த். 1882-ல் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர், ரயில்வே காண்ட்ராக்ட் எடுத்து முன்னுக்கு வந்தார். 1919-ல் கூட்டாளிகளோடு சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்து அமுக்கப் பார்த்தும் மனுஷர் அசரவில்லை.

1939-ல் ஒரு விமானப் பயணத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். பாலி சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். சீனாவில் முடிவது இங்கே ஏன் முடியாது என்ற எண்ணம் வால்சந்தை விடவில்லை. மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் கை கொடுத்தார். சமஸ்தானம் நிலமும் பணமும் தந்தது. 1940 டிசம்பர் 23-ல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பெங்களூரில் பிறந்தது. எட்டே மாதத்தில், 1941 ஆகஸ்டில், ஹார்லோ பயிற்சி விமானம் அங்கிருந்து பறந்தது. டிசைன் அமெரிக்காவுடையது, உழைத்த கைகள் நம்மவை.

ஆனா அந்தச் சந்தோஷம் நீடிக்கலை. ஜப்பான் போரில் இறங்கியதும், 1942-ல் அன்றைய பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் அவர் பங்கை வாங்கிக்கொண்டது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. அவர் தொடங்கிய விசாகப்பட்டினம் தளத்திலிருந்து 1948-ல் 'ஜல உஷா' கப்பல் கடலில் இறங்கியது. 1953-ல் காலமானார். 1964-ல் அந்தக் கம்பெனிதான் ஹெச்.ஏ.எல். ஆனது.

அவர் ஆசை நிறைவேறிடுச்சா? பாதிதான். 1961-ல் மாருத் போர் விமானம் பறந்தது. அதற்கேற்ற பலமான என்ஜின் கடைசிவரை அமையவில்லை. 1980-களில் தொடங்கிய காவேரி என்ஜின் தேஜஸுக்குப் போதவில்லை. 2001-ல் தேஜஸ் பறந்தது அமெரிக்க என்ஜினில். 2021-ல் நமது விமானப்படை 83 தேஜஸ் கேட்டது. 2024 மார்ச்சில் தரத் தொடங்க வேண்டும். அவற்றுக்கான முதல் என்ஜின் வந்ததே 2025 மார்ச்சில்.

எங்க அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. பூட்டைச் செய்கிறவரே சாவியையும் அரத்தால் ராவிச் சேர்ப்பார். சாவிக்கு அடுத்தவன் வாசலில் நிற்கிற பூட்டுக்காரனை நம்ம ஊர் மதிக்குமா? விமானத்துக்கு என்ஜின்தான் சாவி.

அது ஏன் இவ்வளவு கஷ்டம்? டர்பைன் பிளேடைச் சுற்றி ஓடும் வாயுவின் சூடு, அந்த உலோகம் உருகும் சூட்டையும் தாண்டும். பிளேடையே ஒற்றைப் படிகமாக வார்த்து, உள்ளே காற்று போக நுண்ணிய வழிகள் வைத்தால்தான் தாங்கும். வார்ப்பு, ஹீட் ட்ரீட்மெண்ட், மைக்ரோமீட்டர் அளவு... எல்லாம் நாம் பாஸ் மார்க்குக்காக மட்டும் படிக்கிற பாடங்கள்!

டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம். வால்சந்த் தொழிற்சாலையைத் தந்துவிட்டுப் போனார். சாவி இன்னும் பாக்கி இருக்கு நண்பர்களே. அடுத்த முறை ஒர்க்ஷாப்பில் அரத்தைப் பிடிக்கும்போது இதை நினைப்போம்.