பேரவைத் தலைவரான பள்ளித் தலைமையாசிரியர்: ஒடிசாவின் நீலகண்ட தாஸ்

புது தில்லி: பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, பின்னர் சட்டப்பேரவைக்குப் போட்டியிடுவோர் இந்திய அரசியலுக்குப் புதியவர்கள் அல்லர். தொகுதியில் தெருவுக்கு ஒரு மாணவராவது இருப்பார் என்பதால், நல்ல பெயர் எடுத்த ஆசிரியரைத் தேடிப் பிடித்து வேட்பாளராக்குவது எல்லாக் கட்சிகளுக்கும் பழகிய வழி. ஆனால், தாம் வளர்த்த பள்ளி மூடப்பட்டு கால் நூற்றாண்டு கழிந்த பின், அப்பள்ளி இருந்த ஊரின் பெயரையே தாங்கிய தொகுதியில், காங்கிரசுக்கு வெளியே நின்று வென்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. ஒடிசாவின் பண்டித நீலகண்ட தாஸ்தான் அவர்.

வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில், 1952-ல், சத்யவாதி தொகுதியிலிருந்து அவர் ஒரிசா சட்டப்பேரவைக்குச் சென்றபோது அவருக்கு வயது 67. ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே தொகுதியில் மீண்டும் வென்று பேரவைத் தலைவரானார். அந்த இருக்கையை அடைவதற்கு முன் அவர் கடந்து வந்த பாதையில், அரசியலுக்காக ஒரு பள்ளியே பலியான வரலாறும் அடங்கியிருக்கிறது.

தோப்பில் ஒரு பள்ளி: பூரி மாவட்டத்தில், சாட்சிகோபால் கோயில் அமைந்துள்ள ஊர் சத்யவாதி. அதன் அருகிலுள்ள ஸ்ரீராமசந்திரபூர் என்ற அந்தணர் கிராமத்தில் 1884 ஆகஸ்ட் 5-ம் தேதி நீலகண்ட தாஸ் பிறந்தார். பூரியில் பள்ளிக் கல்வியும் கட்டாக் ரேவன்ஷா கல்லூரியில் பட்டப் படிப்பும் முடித்து, கல்கத்தாவில் தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அந்நாளில் அப்படியொரு பட்டம் பெற்ற ஒரிய இளைஞருக்கு அரசு உத்தியோகம் எளிதில் கிடைக்கும். ஆனால், மாணவப் பருவத்திலேயே அவரும் கோபபந்து தாஸ் முதலான நண்பர்களும் அரசுப் பணியை நாடுவதில்லை, நாட்டுத் தொண்டே வாழ்வு என்று உறுதி எடுத்திருந்தனர். அதன்படி, கோபபந்து தாஸ் 1909 ஆகஸ்ட் 12-ம் தேதி சத்யவாதியில் தொடங்கிய பள்ளியில் 1911-ல் சேர்ந்து, அதன் தலைமையாசிரியர் பொறுப்பை நீலகண்டர் ஏற்றார்.

மகிழ மரங்கள் அடர்ந்த தோப்பில், திறந்த வெளியில் வகுப்புகள் நடந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே இடத்தில் தங்கினர். சாதி வேறுபாடின்றிச் சேர்ந்து உண்டனர். பாடத்துடன் தோட்ட வேலை, கைத்தொழில், வெள்ள நிவாரணப் பணி, கோனார்க் போன்ற இடங்களுக்குப் பயணம் என நாள்கள் கழிந்தன. கோனார்க்கைப் பொருளாகக் கொண்டு நீலகண்டர் காவியமே இயற்றினார்.

சேர்ந்து உண்பதைப் பழமைவாதிகள் பொறுக்கவில்லை. பள்ளி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதன் கூரைக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. பள்ளி மீண்டும் எழுந்தது. கோபபந்து தாஸ், நீலகண்ட தாஸ், கோதாவரீஷ் மிஸ்ரா, ஆச்சார்ய ஹரிஹர தாஸ், கிருபாசிந்து மிஸ்ரா ஆகிய ஐவரும் சத்யவாதியின் பஞ்சசகாக்கள் என்று இன்றும் ஒடிசாவில் நினைவுகூரப்படுகின்றனர். உயர்ந்த ஊதியத்தை உதறிவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் போதுமானதைப் பெற்றுக்கொண்டு இவர்கள் பணிபுரிந்தனர்.

அழைத்தது அரசியல்: சட்டமன்றத்துக்கும் அந்தத் தோப்புக்கும் தொடர்பு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது. 1917-ல் பிகார்-ஒரிசா சட்ட மேலவைக்குச் சென்ற கோபபந்து தாஸ், சிதறிக் கிடந்த ஒரிய மொழிப் பகுதிகளின் இணைப்பு, வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் நிலையான தீர்வு, கடலோர மக்களின் உப்புக் காய்ச்சும் உரிமை ஆகியவற்றோடு, சத்யவாதி முறையிலான கல்வியைப் பரப்பவும் வலியுறுத்தினார். 1919-ல் சமாஜ் வார இதழ் சத்யவாதியிலிருந்தே வெளிவரத் தொடங்கியது.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகளுக்கான முதுகலைப் படிப்பை அசுதோஷ் முகர்ஜி தொடங்கியிருந்த நேரம் அது. அங்கு ஒரிய மொழி கற்பிக்க 1920-ல் நீலகண்டருக்கு அழைப்பு வந்தது. அவர் சென்றார். ஆனால், ஓராண்டுக்குள் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவ, பல்கலைக்கழகப் பணியை உதறிவிட்டுச் சம்பல்பூர் சென்றார். அங்கு தேசியப் பள்ளியை நடத்தினார். சேவா என்ற இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

சத்யவாதிப் பள்ளியும் 1921-ல் தேசியப் பள்ளியாக மாறியது. அதாவது, அரசின் அங்கீகாரத்தையும் பல்கலைக்கழகத் தேர்வுகளையும் துறந்தது. அப்போது அது நாட்டுப்பற்றின் அடையாளமாகப் போற்றப்பட்டது. ஆனால், சான்றிதழ் இல்லாத படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப ஏழைப் பெற்றோர் எத்தனை காலம் முன்வருவர்? கோபபந்து தாஸ் 1922 முதல் 1924 வரை சிறையில் இருந்தார். மற்ற ஆசிரியர்களில் பலரும் இயக்கப் பணிகளுக்காக வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தனர். நிதி வற்றியது. 1926-ல் பள்ளி மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1928 ஜூன் 17-ம் தேதி கோபபந்து தாஸும் மறைந்தார்.

தில்லியில் ஒலித்த குரல்: பள்ளி நலிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதன் முன்னாள் தலைமையாசிரியர் தில்லியில் இருந்தார். 1924-ல் சுயராஜ்யக் கட்சி உறுப்பினராக மத்திய சட்டசபைக்குள் நுழைந்த நீலகண்டர், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1945 வரை அதன் உறுப்பினராகத் தொடர்ந்தார். உப்புச் சத்தியாகிரகத்தின்போது பதவியைத் துறந்து சிறை சென்றார்.

ஒரிய மொழி பேசும் பகுதிகள் அன்று பிகார்-ஒரிசா, சென்னை, மத்திய மாகாணங்களிடையே பிரிந்து கிடந்தன. அவற்றை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பதே மத்திய சட்டசபையில் நீலகண்டரின் முதன்மைக் கோரிக்கை. பல குழுக்களின் விசாரணைக்குப் பின் 1936 ஏப்ரல் 1-ம் தேதி ஒரிசா தனி மாகாணமாயிற்று. சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த கஞ்சம் மாவட்டத்தின் ஒரிய மொழிப் பகுதிகளும் அதில் சேர்ந்தன. ஆந்திர மாநிலம் உருவாவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே மொழியை அடிப்படையாகக் கொண்டு அமைந்த மாகாணம் அது.

1937 தேர்தலில் மொத்தமுள்ள 60 இடங்களில் 36-ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது. மாகாணத்தில் கட்சியை வழிநடத்தியவர் நீலகண்டர் என்றாலும், மத்திய சட்டசபையில் இருந்தவர் அவர். சென்னை சட்ட மேலவையில் முன்பு உறுப்பினராயிருந்த பிஸ்வநாத் தாஸ் பிரதமரானார். மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்த காலம் அது. புதிய மாகாணத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைப்பது குறித்து ஆராய 1938-ல் நியமிக்கப்பட்ட குழுவுக்கு நீலகண்டர் தலைவரானார்.

சர்ச்சைக்குரிய முடிவு: இரண்டாம் உலகப் போர் அவரது அரசியல் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. மக்களைக் கலக்காமல் இந்தியாவைப் போரில் இழுத்ததற்கு எதிர்ப்புத் தெரிவித்து 1939-ல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. ஆளுநர் ஆட்சி நீடிப்பதைவிட மக்கள் பிரதிநிதிகளின் ஆட்சியே மேல் என்றும், போர் முயற்சிக்கு ஆதரவு தரலாம் என்றும் கருதிய நீலகண்டர், கட்சியின் முடிவுக்கு எதிராகச் சென்றார். 1941 நவம்பரில் பர்லாகிமிடி மகாராஜா கிருஷ்ண சந்திர கஜபதி தலைமையில் கூட்டணி அமைச்சரவை பதவியேற்றது. சத்யவாதியில் ஆசிரியராயிருந்த கோதாவரீஷ் மிஸ்ரா அதில் அமைச்சரானார்.

காங்கிரசார் இதைத் துரோகம் என்றே கருதினர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, 1942 செப்டம்பர் 28-ம் தேதி பாலசோர் மாவட்டம் ஏரம் கிராமத்தில் போலீஸார் சுட்டதில் பலர் உயிரிழந்ததும் இந்த அமைச்சரவையின் காலத்தில்தான். அந்தக் கறையை எளிதில் துடைத்துவிட முடியாது. அதேபோல், நீலகண்டர் குழு ஆராய்ந்த பல்கலைக்கழகம் 1943 நவம்பர் 27-ம் தேதி உத்கல் பல்கலைக்கழகமாக உருப்பெற்றதும் இதே அமைச்சரவையின் காலத்தில்தான் என்பதையும் மறைக்க முடியாது. அரசு அங்கீகாரத்தைத் துறந்ததால் தங்கள் பள்ளி அழிந்ததைக் கண்ட ஆசிரியர்கள் இருவருக்கு, மாகாணத்தின் முதல் பல்கலைக்கழகம் பிறந்ததில் பங்கு இருந்தது.

மீண்டும் சத்யவாதி: விடுதலைக்குப் பின் நீலகண்டர் சுவாதீன ஜனசங்கம் என்ற தனிக் கட்சி கண்டார். சியாமபிரசாத் முகர்ஜி தொடங்கிய பாரதிய ஜனசங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1952 தேர்தலில் ஒரிசா பேரவையின் 140 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 67 மட்டுமே. அந்தத் தேர்தலில்தான் சத்யவாதி மக்கள் நீலகண்டரைத் தேர்ந்தெடுத்தனர். 1941-ல் அவர் எடுத்த முடிவை நாடு மன்னித்ததா என்பது வேறு. அவரை ஆசிரியராக அறிந்த மண் அவரைக் கைவிடவில்லை.

1955-ல் காங்கிரசுக்குத் திரும்பினார். 1957 தேர்தலில் அக்கட்சி 56 இடங்களும், முன்னாள் மன்னர்களின் செல்வாக்குப் பெற்ற கணதந்திர பரிஷத் 51 இடங்களும் பெற்றன. எவருக்கும் பெரும்பான்மை இல்லாத அவைக்கு, அந்த ஆண்டு மே 27-ம் தேதி நீலகண்ட தாஸ் தலைவரானார். ஹரேகிருஷ்ண மஹதாப் தலைமையிலான சிறுபான்மை அரசு தள்ளாடியதும், 1959-ல் எதிரெதிர்க் கட்சிகளான காங்கிரசும் பரிஷத்தும் கூட்டணி அமைத்ததும், 1961 பிப்ரவரியில் அதுவும் முறிந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததும் அவர் தலைவராக இருந்த காலத்தில்தான். இடைக்காலத் தேர்தலைச் சந்தித்த ஒரிசாவில் காங்கிரஸ் 82 இடங்களில் வென்று, பிஜு பட்நாயக் முதல்வரானார். புதிய அவை கூடியதும் 1961 ஜூலை 1-ம் தேதி நீலகண்டரின் பதவிக்காலம் நிறைவடைந்தது.

அதன்பின் எழுத்தே அவரது துணையாயிற்று. ஒரிய இலக்கியத்தின் படிநிலை வளர்ச்சி குறித்து அவர் எழுதிய ஆய்வு நூல் பெயர் பெற்றது. அவரது தன்வரலாறு 1964-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1967 நவம்பர் 6-ம் தேதி, 83-வது வயதில் அவர் காலமானார்.

ஆசிரியர்கள் அரசியலுக்கு வருவதால் பேரவைகள் பெறும் நன்மை பற்றிப் பேசுவோர் பலர். அவர்கள் விட்டுச் செல்லும் வகுப்பறை என்னவாகிறது என்று கேட்போர் குறைவு. சத்யவாதியின் ஐவரால் ஒடிசா ஒரு மாகாணத்தைப் பெற முடிந்தது. பல்கலைக்கழகத்தையும் நாளிதழாக வளர்ந்த சமாஜையும் பெற்றது. பதினேழு ஆண்டுகள் நடந்த பள்ளியை மட்டும் அந்த ஐவராலும் காப்பாற்ற இயலவில்லை. 2024 சட்டப்பேரவைத் தேர்தலிலும் சத்யவாதி என்ற பெயரில் தொகுதி இருந்தது. அங்கு வாக்குக் கேட்டுச் செல்லும் எந்தக் கட்சி வேட்பாளரும், தாம் கேட்பது ஒரு தலைமையாசிரியரின் இடம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.