சித்திரக்கிரீவனைப் பறக்கவிட்டவர்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் வளரும் குழந்தை, எழுத்தறியும் முன்பே பறவையையும் விலங்கையும் அறிந்துகொள்கிறது. உழவின் பின்னே நடைபயிலும் கொக்கும், கோபுர மாடத்தில் குடியிருக்கும் புறாவும், வீதியில் அசைந்துவரும் கோயில் யானையும் அதற்கு முதற் பாடநூல்கள். இதைப் போன்றே ஆறுகள் வளமூட்டும் மற்றொரு நெல்நாடு வங்கம். அங்கே கல்கத்தாவுக்கு அருகே, காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இத்தகைய பாடம் பயின்ற சிறுவர் ஒருவர், பிற்காலத்தில் அதனை ஆங்கிலத்தில் எழுதி உலகச் சிறுவர்கள் கையில் கொடுத்தார். அவர்தாம் தன்கோபால் முகர்ஜி.

1890ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அந்தணப் பூசகர் குடும்பத்தில் பிறந்தார். குலமரபின்படி இளமையிலேயே பூசகராகத் தீட்சை பெற்றார். ஆயினும் கருவறைக்குள் அவர் மனம் நிலைகொள்ளவில்லை. துறவியரைப்போல் சிலகாலம் ஊர் ஊராக அலைந்து திரும்பி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தமையனார் ஜாதுகோபால் முகர்ஜி வங்கப் புரட்சியாளருள் முன்னணியில் நின்றவர். அந்த வட்டத்தின் அனல் தம்பியையும் தொட்டது. 1910இல் இயந்திரத் தொழில் கற்க ஜப்பான் சென்றார். மனிதனையே இயந்திரத்தின் உறுப்பாக்கும் ஆலைமுறை அவருக்கு ஒவ்வவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் கப்பலேறினார்.

கையில் பொருளில்லை. வயல்களில் கூலி வேலை செய்தும், தட்டுகளைக் கழுவியும் வயிறு வளர்த்தார். பெர்க்லியில் பயின்று, 1914இல் ஸ்டான்போர்டில் பட்டம் பெற்றார். 1918இல் ஈத்தல் ரே டூகன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்தார். பின்னர் நியூயார்க் வாழ்வு. அங்கேதான், விட்டுவந்த காடு அவருள் மீண்டும் தழைத்தது.

1922இல் யானைக் கன்று ஒன்றின் கதையாகிய 'கரி' வெளிவந்தது. கன்றும் அதனைப் பேணும் சிறுவனும் உடன் வளர்கின்றனர். சொல்லோடு காதையும் துதிக்கையையும் பிடித்து இழுத்து, அமரவும் நடக்கவும் பழக்கும் முறையை அவர் விளக்குவதைப் படிப்போர்க்கு நம் யானைப் பாகர்களே கண்முன் நிற்பர். 1924இல் 'ஹரி', 1928இல் 'கோண்ட்', 1929இல் யானைக் கூட்டத்தலைவன் ஒன்றின் கதை, 1936இல் புலியின் கதை என நூல்கள் தொடர்ந்தன. இந்தியக் காட்டை மேலைநாட்டுச் சிறுவர்கள் அதுவரை கிப்ளிங்கின் கண்களால் கண்டிருந்தனர். முகர்ஜியின் நூல்களில் அக்காட்டின் ஓரத்தில் பிறந்தவரே கதை சொன்னார். பாகனும் வேடனும் லாமாவும் அங்கே ஆசான்களாக நின்றனர்.

அந்தக் காலமோ கடினமானது. 1923இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமைக்கு உரியவரல்லர் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே ஜாதுகோபால் சிறைப்பட்டார். 1927 வரை விசாரணையின்றியே அடைபட்டிருந்தார். தாயகம் வந்து தமையனைக் கண்ட அனுபவத்தை முகர்ஜி 1924இல் நூலாக்கினார். இந்தியாவை இழித்துரைத்த காதரைன் மேயோவுக்கு 1928இல் மறுப்பும் எழுதினார். ஒரு நாட்டில் அயலார், மறுநாட்டில் அடிமைக் குடிமகன் என்னும் இரு நிலைகளுக்கிடையே இருந்துதான் அவர் குழந்தைகளுக்கு எழுதினார்.

1927இல் வெளிவந்த 'கே நெக்' அவரது படைப்புகளுள் தலைசிறந்தது. அதன் நாயகனாகிய புறாவின் இயற்பெயர் சித்திரக்கிரீவன். பஞ்சதந்திரத்தில் வலையோடு பறந்து தப்பும் புறாக்களின் அரசனுக்கும் அதுவே பெயர். கல்கத்தாவில் வளர்ந்து இமயத்தில் பழகிய அப்புறா, முதல் உலகப் போரில் இந்தியப் படையோடு பிரான்சுக்குத் தூதுப் பறவையாகச் செல்கிறது. உடன் செல்பவன் வேடன் கோண்ட். புறா காயமுற்றுத் திரும்புகிறது. உடற்காயம் ஆறிய பின்னும் அச்சம் ஆறவில்லை. சிறகிருந்தும் பறக்க இயலவில்லை. கோண்டின் நெஞ்சிலும் கொலையின் சுமை. இமயத்து பௌத்த மடமொன்றின் அமைதியில் இருவரும் நலம் பெறுகின்றனர். அச்சமும் பகையும் நோய்கள், அவை தீரக்கூடியவை என்பதே கதையின் உயிர்நாடி. 1928இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் நியூபரி பதக்கம் இந்நூலுக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பிறர் அச்சத்துக்கு மருந்து சொன்னவரை மனச்சோர்வு விடவில்லை. 1936 ஜூலை 14ஆம் நாள் நியூயார்க் இல்லத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 46. இம்முடிவைக் கொண்டு அவர் நூல் பொய்த்ததென்று கருதுவது பொருந்தாது. சித்திரக்கிரீவன் தனியே நலம் பெறவில்லை. வளர்த்த சிறுவனும், உடன் சென்ற வேடனும், அருகிருந்த லாமாவும் சேர்ந்தே அதன் சிறகுக்கு வலுவூட்டினர். பஞ்சதந்திரப் புறாக்களும் ஒன்றுகூடியே வலையைத் தூக்கின. அஞ்சிய உயிருக்குத் துணை வேண்டும் என்னும் உண்மையை அவர் நன்கு அறிந்தே எழுதினார். அதன் அருமை, அவர் முடிவை எண்ணும்போது மேலும் துலங்குகிறது.

பரிசு பெற்ற அந்நூல் இன்றும் உலகில் வாசிக்கப்படுகிறது. எழுதியவரை மட்டும் தாயகம் பெரும்பாலும் மறந்துவிட்டது. கோபுரத்துப் புறாவை நாள்தோறும் காணும் காவிரிக்கரைக் குழந்தைக்கு அவர் அயலாரல்லர். புறா ஒன்று பறக்க அஞ்சி மாடத்தின் ஓரம் ஒடுங்கியிருக்கக் கண்டு, அதன் அருகே சற்று நின்று பார்க்க ஒரு சிறுவன் கற்றுக்கொண்டால், முகர்ஜியின் பாடம் அவனையும் வந்தடைந்தது எனலாம்.