மரியா மாண்டிசோரி: படிப்பு வராதுன்னு ஒதுக்கிய பிள்ளைகளைப் படிக்க வைத்த டாக்டர்

மூணாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு; காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களிலும் உண்டு. மக்கு, சோம்பேறின்னு சுலபமா முத்திரை குத்திடுறோம். ஆனால், அப்படி ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்துதான் ஒரு கல்விமுறையே பிறந்தது. அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி, நம்ம அடையாறிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர்.

யார் இவர்?

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தார். 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநலக் காப்பகங்களில் அடைபட்டிருந்த மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பார்த்தவர், இவங்களுக்கு மருந்தைவிடப் பயிற்சிதான் தேவைன்னு முடிவுக்கு வந்தார். 1900-ல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியின் இயக்குநர்களில் ஒருவரானார்.

அப்படி என்ன செய்தார்?

மரத்தில் எழுத்துகளைச் செய்து விரலால் தடவ வைத்தார். தடவும்போதே அதன் ஒலியையும் சொல்ல வைத்தார். அந்தக் குழந்தைகளில் சிலர் மற்ற பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினார்கள். ஊரே வியந்தபோது, அவருக்கு வந்த கேள்வி வேறு. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் ஏன் இவ்வளவுதான் படிக்கிறாங்க? விடை தேடி, 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். மர எழுத்து அங்கே உப்புத்தாள் எழுத்தானது.

அடையாறுக்கு எப்படி வந்தார்?

ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதி அழைக்க, 1939-ல் மகன் மரியோவுடன் வந்தார். அப்போது வயது 69. மறு வருஷமே இத்தாலி போரில் இறங்க, மகனை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. மகன் விடுதலையான பிறகும் பயிற்சி வகுப்புகள் தொடர்ந்தன. இந்தியாவில் மட்டும் 1,000-க்கும் அதிகமான ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று நமக்கு என்ன பயன்?

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு வேறு, மனவளர்ச்சிக் குறைபாடு வேறு. நல்ல புத்திசாலிப் பிள்ளைக்கும் வாசிப்பு மட்டும் வராமல் இருக்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஒரு குறைபாடாக ஏற்றிருக்கிறது. கண், காது, விரல் மூன்றையும் சேர்த்து எழுத்தைப் பழக்கும் வழி இவர்களுக்கான பயிற்சிகளில் இன்றும் உண்டு. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினதும் கிட்டத்தட்ட இதே வழிதான்.

வீட்டில் மிஞ்சின நூலை அட்டையில் ல, ள, ழ வடிவில் ஒட்டி, தடவியபடியே ஒலி சொல்லிப் பழக்கலாம். அதோடு நிறுத்திடாம, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் பிள்ளையைக் காட்டுங்க. திட்டுறதால எழுத்து வராது.