ஜெயிக்கணும்னா முதல்ல ஓடி முடிக்கணும்: பென்ட்லி இன்ஜின் உருவான கதை

பென்ட்லி என்றால் இன்று கோடிகளில் விலை சொல்லும் சொகுசு கார். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்ட ஒரு அப்ரென்டிஸ்.

வால்டர் ஓவன் பென்ட்லி, எல்லோருக்கும் டபிள்யூ.ஓ. 1888-ல் லண்டனில் 9 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். 16 வயதில் டான்காஸ்டர் ரயில்வே பணிமனையில் சேர்ந்தார். ரயில் இன்ஜின் ஒருநாள் வேகமாக ஓடிவிட்டு மறுநாள் படுத்துவிட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை. தினமும் ஓடணும். அவர் பின்னாளில் செய்த எல்லாவற்றிலும் இந்தப் பாடம் தெரிகிறது.

1912-ல் அண்ணனோடு சேர்ந்து டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சு கார்களை லண்டனில் விற்க ஆரம்பித்தார். மறுவருஷம் அந்தத் தொழிற்சாலைக்குப் போனபோது, மேஜையில் பேப்பர் வெயிட்டாகக் கிடந்த குட்டி அலுமினிய பிஸ்டன் கண்ணில் பட்டது. அப்போது பிஸ்டன் என்றால் இரும்புதான்; அலுமினியம் சூட்டில் உருகிவிடும் என்ற பயம் இருந்தது. அவர் 88% அலுமினியம், 12% செம்பு கலந்து பிஸ்டன் வார்க்கச் சொன்னார். எடை குறைந்தது, சூடு சீக்கிரம் வெளியேறியது, இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றியது.

முதல் உலகப்போர் வந்ததும் இந்த விஷயம் விமானத்துக்குப் போனது. அப்போது பயன்பாட்டில் இருந்த கிளெர்ஜே இன்ஜின்கள் சூடாகிச் சொதப்பிக்கொண்டிருந்தன. ரோட்டில் கார் நின்றால் ஓரங்கட்டலாம்; வானத்தில் நின்றால்? இரும்பு லைனர் போட்ட அலுமினிய சிலிண்டர்களோடு அவர் உருவாக்கிய பி.ஆர்.1 இன்ஜின், சாப்வித் கேமல் போர் விமானங்களில் பறந்தது.

கேஸ்கெட்டே இல்லாத இன்ஜின்

1919-ல் பென்ட்லி மோட்டார்ஸ் தொடங்கினார். பேக்கர் தெரு பக்கம் ஒரு சந்தில் முதல் 3 லிட்டர் இன்ஜின் உறுமியது. 4 சிலிண்டர், 80 மி.மீ. போர், 149 மி.மீ. ஸ்ட்ரோக், 2,996 சிசி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் 4 வால்வு. ஸ்பார்க் பிளக்கும் இரண்டிரண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று இழுத்துக்கொண்டு போகும்.

நம்மூர் மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை: ஹெட் கேஸ்கெட் போச்சு. சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் சேரும் இடத்தில்தான் பிரச்சினை. பென்ட்லி அந்த இணைப்பையே எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே வார்ப்பாகச் செய்தார். கேஸ்கெட் இல்லை, அதனால் கேஸ்கெட் போவதும் இல்லை. பதிலுக்கு ஒரு தலைவலி: வால்வு வேலை பார்க்க மொத்த பிளாக்கையும் தூக்க வேண்டும். பட்டறையில் கஷ்டம், பந்தயத்தில் நிம்மதி. இது சரியான பேரம்தான். கார்களுக்கு அவர் 5 வருஷ கேரண்டியும் கொடுத்தார்.

1923-ல் பிரான்ஸின் லு மான் நகரில் முதல் 24 மணி நேரப் பந்தயம். இவ்வளவு நேரம் கார் தாங்காது என்று அவரே நினைத்தார். ஜான் டஃப் என்பவர் தன் சொந்த பென்ட்லியோடு போய், கல் பட்டு பெட்ரோல் டேங்க் ஓட்டையானபிறகும் 4-வது இடம் பிடித்தார். 1924-ல் அதே டஃப், ஃபிராங்க் கிளமென்டோடு ஓட்டி ஜெயித்தே விட்டார்.

அடுத்த இரண்டு வருஷமும் தோல்வி. 1927-ல் மூன்று பென்ட்லி போனது. இருட்டும் நேரத்தில் மூன்றுமே ஒரே விபத்தில் மாட்டின. சாமி டேவிஸ் ஓட்டிய கார் மட்டும் வளைந்த சேசிஸ், உடைந்த ஹெட்லைட்டோடு பிட்டுக்கு ஊர்ந்து வந்தது. விதிப்படி டிரைவரே ரிப்பேர் பார்க்கணும். பார்த்தார். ராத்திரி முழுக்க டாக்டர் பென்ஜாஃபீல்டும் அவரும் மாறி மாறி ஓட்டினார்கள். முன்னால் போன ஆரியஸ் கார் கடைசிக் கட்டத்தில் நின்றுபோக, அடிபட்ட பென்ட்லி முதலில் வந்தது. வண்டி நசுங்கியும் இன்ஜின் நிற்கவில்லை! 1928, 1929, 1930-லும் கோப்பை அவர்களுக்கே. 1929-ல் முதல் நான்கு இடங்களும் பென்ட்லி.

சூப்பர்சார்ஜர் சண்டை

பந்தய வீரர் டிம் பிர்கினுக்கு இன்னும் வேகம் வேண்டும். நாலரை லிட்டர் இன்ஜினில் சூப்பர்சார்ஜர் மாட்டச் சொன்னார். அதாவது காற்றைப் பலவந்தமாக இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி. டபிள்யூ.ஓ.வுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பவர் வேணும்னா இன்ஜினைப் பெரிசாக்கு என்பது அவர் கட்சி. ஆனால் கம்பெனி அவர் கையில் இல்லை. 1926-லேயே பணம் போட்ட கோடீஸ்வரர் வுல்ஃப் பர்னாட்டோவின் பிடிக்குப் போய்விட்டது. பர்னாட்டோ பிர்கினுக்கு ஓகே சொன்னார்.

1930 லு மானில் பிர்கினின் புளோவர் கார், மெர்சிடஸைத் துரத்தித் துரத்தி அடித்தது. பார்க்க செம விருந்து. ஆனால் ஓடிய இரண்டு புளோவர்களும் இன்ஜின் பழுதாகிப் பாதியில் நின்றன. ஜெயித்தது, சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ். இன்றும் போஸ்டரில் மாட்டப்படுவது என்னவோ புளோவர்தான்!

பொருளாதார மந்தத்தில் 1931-ல் கம்பெனி திவாலானது. நேப்பியர் நிறுவனம் வாங்கும், அங்கே வேலையைத் தொடரலாம் என்று காத்திருந்தார். கடைசி நேரத்தில் ஒரு டிரஸ்ட் வழியாக அதிக விலை கேட்டு வாங்கியவர் யாரென்று பார்த்தால், போட்டியாளரான ரோல்ஸ் ராய்ஸ்! பென்ட்லி என்ற பெயரும் அவர்களுக்கே. கொஞ்சகாலம் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தார்; டிசைனில் பெரிய பங்கு கிடைக்கவில்லை.

1935-ல் லகோண்டா நிறுவனத்துக்கு மாறினார். அங்கே உருவான வி12 கார்கள் 1939 லு மானில் 3, 4-வது இடம் பிடித்தன. போருக்குப் பின் அவர் மேற்பார்வையில் ஒரு 2.6 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின் வந்தது. ஆஸ்டன் மார்ட்டின் முதலாளி டேவிட் பிரவுன் 1947-ல் லகோண்டாவை வாங்கினார், முக்கியமாக அந்த இன்ஜினுக்காக. டிபி2 காரில் அதுதான் ஓடியது.

1971-ல் 82 வயதில் டபிள்யூ.ஓ. காலமானார். அவர் கட்டிய 3 லிட்டர் கார்கள் இங்கிலாந்தில் வின்டேஜ் பந்தயங்களில் இப்போதும் ஓடுகின்றன, இன்னமும் ஹெட் கேஸ்கெட் இல்லாமலே.