ஜே.சி.குமரப்பா: கரிக்கும் கணக்கு எழுதிய ஆடிட்டர்

விம்கோ நகர்ங்கிற பேரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனா எண்ணூர். 1970-ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதையும் தாண்டி இருக்கிற வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். கரன்ட் ஊருக்கெல்லாம், சாம்பல் நம்ம பக்கத்துக்கு. ஆனா 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, இந்தப் பக்கமும்தான் இருட்டில் கிடந்தது.

இது நியாயமான்னு உங்களுக்குத் தோணினா, ஒரு பழைய மனிதரைப் பற்றி நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பின்னாளில் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைச் சேர்த்துக்கொண்டார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார், பம்பாயில் ஆடிட்டராக நல்லா சம்பாதித்தார். கோட்டு, சூட்டு, வெள்ளைக்காரப் பழக்கம் எல்லாம் உண்டு. 1927-ல் அமெரிக்கா போய் சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. இந்தியா ஏன் ஏழையாச்சுன்னு வரவு செலவுக் கணக்கை நோண்டினார். ஆங்கில அரசின் வரிக் கொள்கையில்தான் பதில் இருந்தது.

அந்த ஆய்வோடு 1929-ல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரை குஜராத்தின் மாதர் தாலுகாவுக்கு அனுப்பினார். வீடு வீடாகப் போய் விவசாயியின் வருமானத்தைக் கணக்கெடுத்தார். சூட்டு போய் கதர் வந்தது. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியதும் வார்தாவின் மகன்வாடியில் அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது.

அங்கே உருவான ஒரு சின்னப் பொருளை நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்க கவனிக்கணும். அதுதான் மகன் தீபம். மண்ணெண்ணெய்க்குப் பதிலா தாவர எண்ணெயில் எரியும் விளக்கு. மண்ணெண்ணெய்க் காசு ஊரை விட்டு வெளியே போகும். ஊர்ச் செக்கில் ஆட்டின எண்ணெய்க் காசு ஊருக்குள்ளேயே சுத்தும். இன்னைக்கு நாம பேசுற உள்ளூர் எரிசக்திச் சமூகத்தின் அடிப்படையும் இதேதான்.

விடுதலைப் போராட்டத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றித் தன் முக்கியமான புத்தகத்தை எழுதினார். ஆடிட்டர் இல்லையா, இயற்கையையும் இரண்டு கணக்காகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறைய அதுக்காகச் சண்டை வரும். ஆறு, காடு மாதிரியானவை வரவு. அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். இருப்பைத் தின்று வாழாமல் வரவில் வாழணும் என்பதுதான் அவர் வாதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நாடு பெரிய ஆலைகளின் பாதையில் போனது; இவர் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனுக்கு வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில் மறைந்தார்.

சோலார் பேனல் வீட்டுக் கூரைக்கு வருவதை அவர் பார்க்கவில்லை. ஆனா அவர் கணக்கு நமக்கு உதவும். கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அது வரவுக் கணக்கு.

நம்ம ஏரியாவுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாடியில் சாதாரண சோலார் போட்டா மட்டும் புயல் நேரத்தில் விளக்கு எரியாது. லைன்ல வேலை செய்யுற ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, வெளி மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். பேட்டரியும், தெருவைத் தனித் தீவாகப் பிரித்து ஓட்டும் கன்ட்ரோலும் வேணும். அதைவிட முக்கியம், அந்தக் கொஞ்ச மின்சாரத்தை முதலில் யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெருவே கூடி முடிவு பண்ணணும். குடிதண்ணி மோட்டாருக்கா, மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்கா, போன் சார்ஜுக்கா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறீங்களா? உங்க தெருவின் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பிங்க. குமரப்பா மாதர் தாலுகாவில் செய்ததும் அதைத்தான்.