குகைக்குள்ள டைவ் அடிக்க ஆசையா? முதல்ல இந்தக் கணக்கு வாத்தியாரைத் தெரிஞ்சுக்கோங்க!

ஸ்கூபா சர்ட்டிஃபிகேட் கையில் வந்தாச்சு, அடுத்து தண்ணிக்கடியில் இருக்கும் குகைதான்னு பிளான் பண்றீங்களா? கொஞ்சம் பொறுங்க. ஷெக் எக்ஸ்லி கதையைக் கேளுங்க.

1949-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிறந்தவர். பள்ளியில் கணக்கு வாத்தியார். 23 வயசுலேயே 1,000 முறை குகைகளுக்குள் டைவ் அடிச்சவர். அப்போ அங்கே குகைகளில் பலர் இறந்துக்கிட்டிருந்தாங்க. அதில் கடல் டைவிங் சொல்லிக்கொடுத்தவங்களும் உண்டு. கடல்ல பிரச்னைன்னா மேலே வந்துடலாம். குகையில் தலைக்கு மேல பாறைதானே!

எக்ஸ்லி ஒவ்வொரு விபத்தையும் அலசி, 1979-ல் புத்தகமா எழுதினார். கிடைச்ச விடை இதுதான்: வெளிவாசல் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேணும். காற்றில் மூணுல ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, மீதி ஆபத்துக்கு. ஆழத்துக்கு எல்லை உண்டு. பின்னாடி முறையான பயிற்சியும், ஆளுக்கு மூணு விளக்கும் சேர்ந்துச்சு.

இன்னிக்கும் பயிற்சிக்கு அடித்தளம் இதுதான். வெளிச்சம் எட்டும் வாசல் பகுதியில் ஆரம்பிச்சு, படிப்படியாத்தான் 'ஃபுல் கேவ்' சான்றிதழ். கண்ணு தெரியாத நிலையில், கயிற்றைத் தொட்டுக்கிட்டே வெளியே வரவும் பழகணும்.

1994 ஏப்ரல் 6. மெக்சிகோவின் சகட்டோன் நீர்க்குழியில் 300 மீட்டரைத் தாண்ட இறங்கிய எக்ஸ்லி, உயிரோடு திரும்பலை. வயசு 45. அவ்வளவு அனுபவம் இருந்தவருக்கே அப்படி.

பல குகை வாசல்களில் தண்ணிக்குள்ளேயே எச்சரிக்கைப் பலகை வெச்சிருக்காங்க. பயிற்சி இல்லாம அதைப் பார்த்தீங்கன்னா, அங்கேயே திரும்பிடுங்க ப்ளீஸ்!